டீக்கடையில் விசாரித்த டாக்டர்!
வெள்ளகோவிலில் எனக்குப் பிடித்த மூன்று டீக்கடைகளும், நாங்கள் நம்பும் மாட்டாஸ்பத்திரியும்

வெள்ளகோவிலுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விகள். வந்த அன்றைக்கே கேட்பது, "இங்கே டீ எங்கே நல்லாயிருக்கும்?" வீடு பிடித்து, நாயோ ஆடோ மாடோ வாங்கிக் கட்டிய பிறகு கேட்பது, "நல்ல மாட்டு டாக்டர் யாருங்க?"

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் கிடைக்கும். டீக்கடையில்!

காங்கயத்துக்கும் கரூருக்கும் நடுவே, கோவை – திருச்சி சாலையில் இருக்கிற ஊர் இது. விசைத்தறி, நூல் மில், எண்ணெய் மில், முருங்கைக்காய் என்று பிழைப்புக்குப் பல வழி உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வண்டிகள் விடியும் முன்பே கிளம்பிவிடும். ஆனால், ஊரைத் தாண்டி எந்த ரோட்டில் ஐந்து நிமிடம் வண்டி ஓட்டினாலும் தோட்டத்து வீடு, அதன் ஓரமாக ஒரு கட்டுத்தரை, அதில் ரெண்டு மாடு இருக்கும். மழை பொய்த்த வருடங்களில் இங்கே பல குடும்பங்களில் அடுப்பெரிந்தது அந்த ரெண்டு மாட்டால்தான்.

எங்கள் வீடும் அப்படித்தான். அதனால் டீக்கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் பேச்சு மாட்டாஸ்பத்திரியில் போய்த்தான் நிற்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

கடை ஒன்று: சந்தைக் கடை

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் முருங்கைக்காய்க்குப் பேர் போனது. சுற்று வட்டாரத்திலிருந்து டெம்போவிலும் பைக்கிலும் கட்டுக் கட்டாகக் காய் வந்து இறங்கும். அந்தக் கூட்டத்துக்கு டீ ஆற்றுகிற கடைதான் எனக்குப் பிடித்த முதல் கடை. உட்கார பெஞ்சு கிடையாது. கிளாஸை வாங்கிக்கொண்டு டெம்போ ஓரமாக நின்று குடிக்க வேண்டியதுதான்.

டீயில் தண்ணீர் தெரியாது. பால் கெட்டியாக, தூள் தூக்கலாக, சர்க்கரை கேட்டால் மட்டும் எச்சா. கூடவே சுடச்சுட உளுந்து வடை. காய்க்கு விலை கிடைத்தவர் ரெண்டு வடை சாப்பிடுவார், கிடைக்காதவர் வெறும் டீயோடு கிளம்புவார். அன்றைய ரேட்டை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, வடைத் தட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடை இரண்டு: பேக்கரி

கோவை, திருப்பூர் பக்கம் வராதவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே "பேக்கரிக்குப் போலாமுங்களா?" என்றால் கேக் வாங்கப் போகிறோம் என்று அர்த்தமில்லை. டீ குடிக்கக் கூப்பிடுகிறார்கள்! முன்பக்கம் பாய்லர், கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன், முட்டை பப்ஸ், வர்க்கி. மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் ஒடிசா, பீகார் பையன்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒரம்பரைகளும் ஒரே மேஜையில் உட்காரும் இடம் அது.

மெயின் ரோட்டில் பித்தளை டபராவோடு டிகிரி காபிக் கடைகளும் நிறைய வந்துவிட்டன. விருந்தாளி வந்தால் அங்கே கூட்டிப்போவோம். நமக்கென்று போவது பேக்கரிக்குத்தான்.

கடை மூன்று: எங்கள் கடை

மூன்றாவது கடை முத்தூர் ரோட்டுப் பக்கம், தறிக் குடோன்களுக்கு நடுவில் இருக்கிறது. தகரக் கூரை, ரெண்டு பெஞ்சு. ராத்திரி ஷிப்ட் ஆட்களுக்காக வெகு நேரம் திறந்திருக்கும். கோடையில் வாசலில் கம்பங்கூழ்ப் பானை, மோர் மிளகாய், சின்ன வெங்காயம். மழை நாளில் சுக்குக் காபி.

இந்தக் கடையை 'எங்கள் கடை' என்று சொல்லக் காரணம், இங்கே ஊற்றுகிற டீயில் பாதி எங்கள் வீட்டுப் பால். காலையும் சாயங்காலமும் அம்மா கறக்கிற பாலில் ஒரு பங்கு சொசைட்டிக்கு, மீதி இந்தக் கடைக்கு.

டீக்கடைக்காரருக்குப் பால் விஷயத்தில் நாக்கு ரொம்ப நீளம். மாடு தீனி மாற்றித் தின்றாலும் கண்டுபிடித்துவிடுவார். "என்னுங்க அக்கா, மாட்டுக்கு ஏதாச்சும் சரியில்லீங்களா? ரெண்டு நாளா பால் இளகலா இருக்குது" என்று அவர் கேட்ட பிறகுதான் நாங்கள் மாட்டின் மடியைத் தொட்டுப் பார்த்த நாட்களும் உண்டு.

எந்த மாட்டின் பால்?

காங்கயம் என்றதும் உங்களுக்குத் திமிலோடு நிற்கும் காளைதான் ஞாபகம் வரும். 2000-ம் ஆண்டில் இந்தியத் தபால்துறை நாட்டு மாடுகளுக்குத் தபால்தலை வெளியிட்டபோது காங்கயம் மாடும் அதில் இடம்பிடித்தது. பிறக்கும்போது கன்று செவலையாக இருக்கும், ஆறு மாதம் போல ஆனதும் சாம்பல் நிறத்துக்கு மாறும். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்த்து, நடுவில் வெள்வேல மரம் நிற்கும் கொறங்காடுகள்தான் இந்த மாட்டின் மேய்ச்சல் நிலம். ஓலப்பாளையம் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் சித்திரை மாதம் கூடும் மாட்டுச் சந்தைக்குப் பிள்ளைகளோடு ஒருமுறை வந்து பாருங்கள். திருவிழாவின் பாதி அழகு அங்கே கட்டியிருக்கும் மாடுகள்தான்.

ஆனால், காங்கயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் பேர் பெற்றது. பால் கொஞ்சம்தான் கொடுக்கும், அதில் கன்றுக்குப் போக மிஞ்சுவது வீட்டுக்கே சரியாக இருக்கும். டீக்கடைக்குப் போவது பெரும்பாலும் ஜெர்சி மாதிரிக் கலப்பின மாட்டின் பால். எச்சாகக் கறக்கிற அந்த மாடுகளுக்குச் சிலவகை சீக்குகளும் எச்சாக வரும். இங்கேதான் டாக்டர் வருகிறார்.

ஒரு மார்கழி ராத்திரி

மூன்று வருடங்களுக்கு முன்பு. எங்கள் செவலை மாடு கன்று ஈன்ற மறுநாள். பொழுதோடு நன்றாகத்தான் தீனி தின்றது. ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் படுத்துக் கிடக்கிறது. கழுத்தை ஒரு பக்கமாக மடக்கி, தலையை விலாவில் சாய்த்திருந்தது. காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. தட்டினாலும் எழவில்லை.

தெரிந்தவர் ஒருவர் மூலம் பக்கத்து ஊரில் ஊசி போடுகிறவரை வரவழைத்தோம். அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. "சுண்ணாம்புச் சத்துக் குறைவு. பாட்டில் ஏத்தினா அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சுக்கும்" என்று பையைத் திறந்தார். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. டீக்கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அவசரப்பட்டு ஏத்த விட்றாதீங்க தம்பி. டாக்டரம்மாவுக்கு நான் போன் பண்றேன். நீங்க மாட்டைச் சாயாமப் புடிச்சுக்கோங்க" என்றார்.

அந்த டாக்டரம்மா அப்போது எங்கள் வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக இருந்தவர். ஆஸ்பத்திரி நேரம் முடிந்து வெகு நேரமாகியிருந்தது. ஆனாலும் முக்கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் வரும் வரை மாடு ஒரு பக்கமாகச் சரிந்துவிடாமல் வைக்கோல் மூட்டையை முட்டுக் கொடுத்து, நெஞ்சு தரையில் படும்படி உட்கார வைத்திருந்தோம்.

வந்தவர் முதலில் செய்தது ஸ்டெதஸ்கோப்பை எடுத்து மாட்டின் இதயத் துடிப்பைக் கேட்டது. ஊசி அதற்கப்புறம்தான். கழுத்து நரம்பில் கால்சியம் பாட்டிலை ஏற்றினார். ஒரு கையில் பாட்டில், காதில் ஸ்டெதஸ்கோப். துடிப்பு மாறினால் பாட்டிலைத் தாழ்த்துவார், சரியானால் உயர்த்துவார். சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது.

"இது பால் காய்ச்சலுங்க. பேர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் போகும். கன்னு போட்டதும் ரத்தத்துல இருக்கிற கால்சியம் எல்லாம் சீம்பாலுக்கு இறங்கிருது. அதை நாம திருப்பிக் குடுக்கணும். வேகமா குடுத்தா இதயம் நின்னுரும். இந்த மருந்தாலயே பொழைக்கும், இந்த மருந்தாலயே சாகவும் செய்யும்" என்றார்.

பாதி பாட்டில் போனதும் மாடு ஏப்பம் விட்டது. உடம்பு நடுங்கியது. சாணி போட்டது. அம்மா சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் முன்காலை ஊன்றி எழுந்து நின்றது. கன்று ஓடி வந்து மடியில் முட்டியது.

போகும்போது டாக்டரம்மா சொன்னது: "ரெண்டு நாளைக்கு மடியை ஒட்டக் கறக்காதீங்க. கொஞ்சம் பாலை விட்டு வையுங்க. படுத்துக் கிடக்கிற மாட்டுக்கு வாயில எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிரும்."

அந்த ராத்திரிக்குப் பிறகு எங்கள் வீட்டில் மாட்டுக்கு ஒன்றென்றால் முதல் போன் டாக்டருக்குத்தான். டாக்டர் மாற்றலாகிப் போனால், புதிதாக வந்தவர் எப்படி என்று விசாரிக்கிற முதல் இடம் டீக்கடை.

ஆறு நாள் பால்

அடுத்த வருடம் வேறொரு சோதனை வந்தது. அதே மாடு, ஒரு காம்பில் மட்டும் பால் திரிதிரியாக வந்தது. மடி சூடு, தொட்டால் உதைத்தது. மடிநோய்.

மாட்டைப் பார்த்த டாக்டரம்மா மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொன்னார். அதோடு சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் அரைத்து, மடியைக் கழுவிக் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி எடுத்து நீர்க்கக் கரைத்து நாளைக்குப் பத்து தடவை மடி முழுக்கத் தடவவும் சொன்னார். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மூலிகை வைத்தியம் இது. ஆரம்பத்திலேயே பார்த்துத் தடவினால் நல்ல பலன் தரும். வீக்கம் குறையவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

இதெல்லாம் சரி. கடைசியில் ஒன்று சொன்னார் பாருங்கள், அதைக் கேட்டு அம்மா முகம் சுருங்கிவிட்டது.

"ஊசி போடற மூணு நாளும், அதுக்கப்புறம் மூணு நாளும் பாலை யாருக்கும் ஊத்தக் கூடாதுங்க. சொசைட்டிக்கும் வேண்டாம், கடைக்கும் வேண்டாம்."

"ஒரு காம்புதானுங்களே கெட்டிருக்குது? மத்த மூணு காம்புப் பால் நல்லாத்தானே இருக்குது?" என்றார் அம்மா.

"மருந்து ரத்தத்துல ஏறி எல்லாக் காம்புக்கும் வருமுங்க. காய்ச்சினாலும் போகாது."

நாளைக்கு 9 லிட்டர். ஆறு நாளைக்கு 54 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்றால் 1,890 ரூபாய். அந்த மாடே கடனில் வாங்கியது, அந்த மாதத் தவணை பாக்கி இருந்தது. பாலைக் கொண்டுபோய் ஊற்றினால் யாருக்குத் தெரியப் போகிறது? டீயில் கலந்து காய்ச்சிவிட்டால் ருசிகூட மாறாது.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா கறந்த பாலைத் தூக்குப்போசியில் வைத்துக்கொண்டு கட்டுத்தரையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தென்னை மரத்தடியில் ஊற்றினார். ஆறு நாளும் அப்படியே ஊற்றினார்.

நான் கடைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்று சொல்வாரோ என்று பயம். ஒரு முறை விட்ட இடத்தை மறுபடி பிடிப்பது கஷ்டம். அவர் பாய்லரைப் பார்த்தபடியே, "ஆறு நாளைக்கு நான் பாக்கெட் பால்ல ஓட்டிக்கறேன். ஏழாம் நாள் கொண்டு வரச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

நம் கிளாஸில் என்ன இருக்கிறது?

அம்மா ஊற்றிய 54 லிட்டர் பெரிய விஷயமா என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் அனுமதித்த அளவைவிட அதிகமாக இருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். சிறிய எண்ணிக்கைதான். ஆனால், அந்தப் பாலைத்தான் குழந்தைகளும் குடிக்கிறார்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து பரவப் பரவ, கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். நாளைக்கு நமக்கே ஒரு சீக்கு வரும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

அதே ஆய்வில் 368 மாதிரிகளில் 'அஃப்ளடாக்சின் எம்1' என்ற நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது. அதில் தமிழ்நாட்டு மாதிரிகள்தான் அதிகம். மாட்டுத் தீனியில் பூஞ்சை பிடித்தால் இந்த நஞ்சு பாலுக்கு வரும். இதுவும் காய்ச்சினால் போகாது.

வெள்ளகோவில்காரர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். நம்மூர் எண்ணெய் மில்களால் நமக்குப் புண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. கடலைப் புண்ணாக்கோ, தேங்காய்ப் புண்ணாக்கோ ஈரத்தில் வைத்துப் பச்சை பூத்துவிட்டால், "மாடுதானே தின்னும்" என்று போட்டுவிடக் கூடாது. மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டை மேல் அடுக்குங்கள். மழைக்காலத்தில் கொஞ்சமாக வாங்குங்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காலை

மாட்டாஸ்பத்திரி என்று பேர்தான். காலையில் போனால் தோளில் வெள்ளாட்டுக் குட்டி, கூடையில் கோழி, பைக் முன்னால் நாய், துண்டில் சுற்றிய பூனை என்று கூட்டம் நிற்கும். முன்பெல்லாம் நாயைக் கூட்டிவந்தால் சிரிப்பார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

காரணம் உண்டு. காங்கயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது பெரிய துயரமாகிவிட்டது. நஷ்டஈடு கேட்டு விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அதனால், வளர்ப்பு நாய்க்காவது ஊசி தவறாமல் போட வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்கிறது. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் வெறிநாய்த் தடுப்பூசி, டாக்டர் சொல்லும் தேதியில் இன்னொன்று, பிறகு வருடம் தவறாமல். நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் கடிவாயில் வைக்கக் கூடாது.

நல்ல கால்நடை டாக்டரை எப்படித் தெரிந்துகொள்வது?

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இது.

* முதலில் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பார், எப்போது கன்று போட்டது, என்ன தீனி என்று கேட்பார். ஊசி கடைசியில்தான்.

* எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று நீங்கள் கேட்காமலே சொல்வார். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

* என்ன மருந்து என்று சீட்டில் எழுதித் தருவார். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த டாக்டருக்கு அது உதவும்.

* கோமாரி நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசியை ஞாபகப்படுத்துவார்.

* தன்னால் முடியாததை முடியாது என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பார்.

டாக்டர் கைக்கு எட்டாத நேரத்தில் 1962 என்ற எண்ணை அழைக்கலாம். கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தி சேவை அது. உங்கள் ஊர்ப் பெயரோடு, போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

நம் பங்குக்கு நாமும் செய்ய வேண்டியது உண்டு. கறக்கும் முன் முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி தெரிந்தால் மடிநோய் ஆரம்பம். கறந்து முடித்ததும் அரை மணி நேரம் மாடு படுக்காமல் இருக்கத் தீவனம் போடுங்கள். காம்பின் துளை மூட அவ்வளவு நேரமாகும். அதற்குள் படுத்தால் கிருமி உள்ளே போய்விடும்.

ஏழாம் நாள்

அந்த ஏழாம் நாள் காலை, தூக்குப்போசியை வழக்கம்போல் என்னிடம் தராமல் அம்மாவே எடுத்துக்கொண்டு வந்தார். எத்தனையோ வருடமாக அந்தக் கடைக்குப் பால் கொடுத்தும், அம்மா அங்கே உட்கார்ந்து டீ குடித்ததில்லை. ஆம்பளைகள் கூட்டம் என்று வாசலிலேயே பாலை அளந்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

கடைக்காரர் பாலை வாங்கி முகர்ந்து பார்த்தார். காய்ச்சினார். பெஞ்சில் இருந்த தறிக்காரர்களை நகரச் சொல்லி அம்மாவை உட்கார வைத்தார். முதல் கிளாஸை ஆற்றி அவர் கையில் கொடுத்தார்.

"சக்கரை எச்சா போடட்டுங்களா அக்கா?"

"வேண்டாமுங்க தம்பி. பால் எப்பிடி இருக்குதுன்னு பார்க்கோணும்."

வெள்ளகோவிலில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று யாராவது கேட்டால், நான் இப்போதும் முத்தூர் ரோட்டைத்தான் கை காட்டுகிறேன்.